வில்லியம் பிராங்க்ளினை மேடையிலிருந்து இறக்காதீர்கள்: எங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

அமெரிக்க சுதந்திரத்தின் 250ஆவது ஆண்டு விழாவுக்காக உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் எழுதிய நாடகத்திலிருந்து இரண்டு காட்சிகளை நீக்கிவிட்டதாக நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. பிரிட்டிஷ் மன்னரின் ஆளுநர் வில்லியம் பிராங்க்ளின் கைதாகும் காட்சி ஒன்று, அடிமைத்தனத்திலிருந்து தப்பி மன்னர் பக்கம் போரிட்ட கர்னல் டை காட்சி இன்னொன்று. நேரம் போதாது, ஊர் மேயர் வருகிறார், விழாவின் உற்சாகத்துக்குப் பொருந்தவில்லை என்று மூன்று காரணங்கள் எழுதியிருந்தீர்கள். அப்புறம் தொலைபேசியில் பேசிய குழு உறுப்பினர் இன்னும் வெளிப்படையாகவே கேட்டார்: "சுதந்திர தின விழாவுல எட்டப்பன் கதை எதுக்குங்க?"

அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லி முடியாது. எல்லாப் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் விட்டுவைத்திருக்கும் நாடகத்தில் என்ன இருக்கிறது? பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டுகிறார்கள். பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனத்தை வாசிக்கிறார்கள். வாஷிங்டன் படகில் டெலவேர் ஆற்றைக் கடக்கிறார். எல்லோரும் கைதட்டுகிறோம். இதை எந்த மாநிலத்திலும், எந்தப் பள்ளியிலும் போடலாம். நம் பிள்ளைகள் எழுதியது நியூ ஜெர்சியின் கதை. அதில் எங்கள் ஊர்க்காரர்கள் என்று இருந்தவர்களைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்.

பெர்த் அம்பாய் நம் பள்ளியிலிருந்து காரில் கொஞ்ச தூரம். எடிசனில் மளிகை வாங்கப் போகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அங்கே ப்ரொப்ரைட்டரி ஹவுஸ் என்ற பழைய மாளிகை இன்றும் நிற்கிறது. மன்னரின் ஆளுநராக வில்லியம் பிராங்க்ளின் குடியிருந்த வீடு அது. 1776 ஜூனில் உள்ளூர்ப் படையினர் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனதும் அங்கிருந்துதான். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனபோது அவர்கள் முதலில் கேட்டது, "இவர் அந்த பிராங்க்ளினுக்கு என்ன வேணும்?" என்பதுதான். மகன் என்றதும் யாரும் நம்பவில்லை.

நூறு டாலர் நோட்டில் இருக்கும் பெஞ்சமின் பிராங்க்ளினுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் வில்லியம். 1752இல் அப்பா பட்டம் விட்டு மின்னலைச் சோதித்தபோது கூட நின்றவர். லண்டனில் அப்பாவோடு இருந்து சட்டம் படித்தார். அப்பாவின் செல்வாக்கும் கைகொடுக்க, 1763இல் நியூ ஜெர்சியின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். 1775 மே மாதம் பெஞ்சமின் லண்டனிலிருந்து திரும்பிவந்தபோது மனம் மாறியிருந்தார். இனி மன்னரோடு ஒட்டுறவில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். பென்சில்வேனியாவில் நண்பர் ஜோசப் கேலோவே வீட்டில் அப்பாவும் மகனும் சந்தித்து வாதாடினார்கள். இருவரில் ஒருவரும் இறங்கிவரவில்லை. கேலோவேயும் கடைசியில் மன்னர் பக்கமே போனார்.

மகன் மனம் மாறாததற்கு என்ன காரணம்? பதவி ஆசை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் 1775 ஜனவரியில் மாகாணச் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய உரை பதிவாகியிருக்கிறது. உங்கள் முன்னால் இரண்டு பாதைகள் இருக்கின்றன, ஒன்று அமைதிக்குப் போகிறது, இன்னொன்று அராஜகத்துக்கும் உள்நாட்டுப் போரின் கொடூரங்களுக்கும் போகிறது என்று உறுப்பினர்களிடம் சொன்னார். மன்னரிடம் முறையிடுவதை அவர் எதிர்க்கவில்லை. அறுத்துக்கொண்டு போவதைத்தான் எதிர்த்தார். உள்நாட்டுப் போர் பற்றி அவர் சொன்னது நியூ ஜெர்சியில் அப்படியே நடந்தது. நீங்கள் நீக்கிய காட்சியின் பாதி வசனம் இந்த உரையிலிருந்து பிள்ளைகள் எடுத்துத் தமிழாக்கியது.

கைதான ஆளுநரை கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் சும்மா இருக்கவில்லை. வெளியே நடமாட அனுமதி கொடுத்திருந்ததைப் பயன்படுத்தி, மன்னர் பக்கம் திரும்புபவர்களுக்குப் பிரிட்டிஷ் தளபதியின் மன்னிப்புச் சீட்டுகளைக் கொடுக்கத் தொடங்கினார். அதனால் லிட்ச்ஃபீல்ட் சிறையில் தனிமையில் அடைத்தார்கள். 1777இல் மனைவி எலிசபெத் நியூயார்க்கில் சாகக் கிடந்தார். ஒருமுறை போய்ப் பார்த்துவர அனுமதி கேட்டு வாஷிங்டனுக்கு எழுதினார். வாஷிங்டன் இரங்கினார், கோரிக்கையைக் கிளர்ச்சி மாகாணங்களின் பொது மன்றமான காங்கிரசுக்கு அனுப்பினார். காங்கிரஸ் மறுத்தது. எலிசபெத் அந்த ஜூலையில் இறந்துபோனார்.

போர் முடிந்தபின் 1784இல் மகன் சமாதானம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு அப்பா எழுதிய பதிலைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். முதுமையில் ஒரே மகன் தன்னைக் கைவிட்டதும், தன் பெயரும் சொத்தும் உயிரும் பணயமாக நின்ற விஷயத்தில் தனக்கெதிராக ஆயுதம் எடுத்ததும் போல வேறெதுவும் தன்னைப் புண்படுத்தியதில்லை என்று எழுதினார் பெஞ்சமின். அரசியல் கடமைகளுக்கு முந்திய இயற்கையான கடமைகள் உண்டு என்றும் எழுதினார். உயிலில் மகனுக்கு அவர் வைத்தது ஒன்றுமில்லாததற்குச் சமம். பெஞ்சமினாக நடிக்கும் மாணவன் இந்தக் கடிதத்தை ஒத்திகையில் வாசித்ததும், வில்லியமாக நடிப்பவன் தனக்குப் பதில் வசனம் வேண்டும் என்று சண்டை போட்டான். வரலாற்றை இவ்வளவு அக்கறையாக அவர்கள் விவாதித்து நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் தூக்கிவிட்டு அந்த நேரத்தில் இன்னொரு நடனம் வைக்கிறீர்கள்.

எட்டப்பன் என்றீர்கள். எட்டயபுரத்தாரைக் கேட்டால் அந்தப் பெயர் பற்றியே வேறு கதை சொல்வார்கள், அது தனி வழக்கு. நம் மேடை நாடகங்களில் வரும் எட்டப்பனையே எடுத்துக்கொள்வோம்: ரகசியமாகக் காட்டிக்கொடுப்பவன், கூலி வாங்குபவன். வில்லியம் தன் நிலையைச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று சொன்னவர். அதற்காகப் பதவியும் மனைவியும் அப்பாவும் ஊரும் போயிற்று. 1782இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர் திரும்பி வரவே இல்லை. அவர் தேர்ந்தது தவறு என்று பிள்ளைகள் முடிவு செய்யலாம், எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் முடிவு செய்தார்கள். ஆனால் அவரைப் பார்த்தபிறகு அல்லவா முடிவு செய்ய வேண்டும்?

இன்னொரு விஷயம். நீங்கள் அடித்த விழா அழைப்பிதழில் 'மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து வென்ற சுதந்திரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஜான் ஆடம்ஸ் பெயரில் இணையத்தில் சுற்றும் கணக்கு இது. 1815இல் அவர் எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது. அந்த இடத்தில் அவர் பேசியது பிரெஞ்சுப் புரட்சியை அமெரிக்கர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது பற்றி. மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் வெள்ளைக் குடியேற்றவாசிகளில் 15 முதல் 20 சதவீதம் இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலாகச் சொல்லும் கணிப்பு. சரி, உங்கள் கணக்கே சரி என்று வைத்துக்கொண்டாலும், மீதி இரண்டு பங்கினர் எங்கே போனார்கள் என்று பார்வையாளர்களில் ஒருவர் கேட்டால் மேடையில் காட்ட நம்மிடம் யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்த மீதிப்பேர் எங்கே இருந்தார்கள் என்பதை 1776 டிசம்பரில் பார்க்கலாம். வாஷிங்டன் நியூ ஜெர்சியின் குறுக்கே பின்வாங்கி ஓடிக்கொண்டிருந்தார். 60 நாளுக்குள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் மன்னிப்பு உண்டு என்று நவம்பர் 30 அன்று பிரிட்டிஷார் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் போய்ப் பிரமாணம் எடுத்துப் பாதுகாப்புச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் சாமுவேல் டக்கர். யார் அவர்? ஆறு மாதத்துக்கு முன்னால் வில்லியம் பிராங்க்ளினைக் கைது செய்த, நியூ ஜெர்சிக் கிளர்ச்சிக்காரர்களின் மன்றமான மாகாணக் காங்கிரசின் தலைவர்! பிரகடனத்தில் கையெழுத்திட்ட பிரின்ஸ்டன்காரர் ரிச்சர்ட் ஸ்டாக்டன் மன்னர் ஆட்களிடம் பிடிபட்டார். விடுதலையானபின் அவரும் பிரமாணம் எடுத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது, இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் அதைப் பற்றி வாதாடுகிறார்கள். பின்னர் பிரிட்டிஷ் சிப்பாய்களும் அவர்களுடைய ஜெர்மன் கூலிப்படையும் சீட்டு வைத்திருந்தவன் வீடு, வைக்காதவன் வீடு என்று பார்க்காமல் கொள்ளையடித்தார்கள். மாட்டையும் கோழியையும் பறிகொடுத்த விவசாயி மறுபடி இந்தப் பக்கம் வந்தான். டிரென்டன் வெற்றிக்குப் பின் 1777 ஜனவரியில் வாஷிங்டன் தன் பங்குக்கு ஓர் அறிவிப்பு விட்டார்: மன்னருக்குப் பிரமாணம் எடுத்தவர்கள் 30 நாளுக்குள் வந்து அமெரிக்காவுக்குப் பிரமாணம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எதிரி எல்லைக்குள் போய்விட வேண்டும். ஒரே குடும்பம் இரண்டு மாதத்தில் இரண்டு பிரமாணம் எடுக்க நேர்ந்தது. க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் மதநெறிப்படி எந்தப் பக்கமும் ஆயுதம் எடுக்க மறுத்து, அபராதம் கட்டினார்கள்.

இப்போது கர்னல் டை. இந்தக் காட்சியை நீக்கியதுதான் எனக்கு அதிக வருத்தம்.

மான்மத் கவுண்டியில் கோல்ட்ஸ் நெக் பக்கம் ஒரு பண்ணையில் அடிமையாக இருந்த இளைஞர் டைட்டஸ். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அதே நவம்பரில் டைட்டஸ் பண்ணையைவிட்டு ஓடிவிட்டார். சில ஆண்டுகள் கழித்துத் தன் பழைய ஊருக்கே ஒரு படையோடு வந்தார். அடிமைகளை மீட்டார், கிளர்ச்சிப் படையினரைப் பிடித்துக்கொண்டு போனார். பிரிட்டிஷ் ராணுவம் கறுப்பருக்கு அதிகாரி பதவி கொடுத்ததில்லை. கர்னல் என்பது மரியாதைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். 1780 செப்டம்பரில் ஜோஷுவா ஹடி என்ற கிளர்ச்சிப் படைத் தலைவரின் வீட்டைத் தாக்கியபோது மணிக்கட்டில் குண்டு பாய்ந்து, காயத்தில் வில்வாதம் (டெட்டனஸ்) கண்டு இறந்தார்.

அந்த ஹடியை 1782 ஏப்ரலில் மன்னர் பக்கத்தார் தூக்கில் போட்டார்கள். தூக்கில் போட்ட கேப்டன் லிப்பின்காட்டும் நியூ ஜெர்சிக்காரர்தான். அவர் சார்ந்த மன்னர் விசுவாசிகள் அமைப்பின் தலைவர் யார் தெரியுமா? கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையாகி நியூயார்க்குக்குப் போயிருந்த வில்லியம் பிராங்க்ளின். நீங்கள் எடுத்த இரண்டு காட்சிகளும் ஹடி என்ற ஒரே ஆளிடம் வந்து சேருவதைக் கண்டுபிடித்தது நானல்ல, நம் மாணவி ஒருத்தி. வில்லியமை உத்தமராகக் காட்டியிருக்கிறோமோ என்ற கவலை உங்களுக்கு இருந்தால், நாடகப் பிரதியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். கட்டியங்காரன் இந்தத் தூக்குத் தண்டனையைச் சொல்லித்தான் காட்சியை முடிக்கிறான்.

டை எந்த நாட்டுக்குத் துரோகம் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். எல்லா மனிதரும் சமம் என்று எழுதியவர்களின் பண்ணைகளில் அடிமைகள் இருந்தார்கள். மவுன்ட் வெர்னன் பண்ணையில் வாஷிங்டனுக்கு அடிமையாக இருந்த ஹாரி வாஷிங்டன் தப்பி ஓடிப் பிரிட்டிஷாரிடம் சேர்ந்தார். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 கறுப்பர்களின் பதிவேட்டில் அவர் பெயரும் இருக்கிறது. நோவா ஸ்கோஷியாவின் குளிரிலும் ஏமாற்றத்திலும் சில ஆண்டுகள் தவித்துவிட்டு, 1792இல் கிட்டத்தட்ட 1,200 பேர் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார்கள், ஹாரியும் போனார். பிரிட்டிஷார் தர்மவான்களும் இல்லை: விடுதலை அறிவித்த டன்மோரே அடிமைகளை வைத்திருந்தவர், மன்னர் விசுவாசிகளின் அடிமைகள் அடிமைகளாகவேதான் கப்பலேறினார்கள். வாஷிங்டன் படையிலும் ஆயிரக்கணக்கில் கறுப்பர்கள் போரிட்டார்கள். நியூ ஜெர்சியில் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது எப்போது? 1866இல். இதைச் சொல்லாமல் 1776ஐ மட்டும் சொல்லிக் கைதட்ட வைப்பது பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் எடுபடாது. அவர்கள் பகலில் படிக்கும் பள்ளியில் இதெல்லாம் ஓரளவு படிக்கிறார்கள்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரச் சண்டை என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். அந்தப் போரின் கடைசிக் கடற்போர் நடந்தது நம் கடலூர்க் கடலில், 1783 ஜூன் 20 அன்று. சமாதானச் செய்தி வந்து சேராததால் பிரெஞ்சுக் கப்பல்களும் பிரிட்டிஷ் கப்பல்களும் அங்கே மோதிக்கொண்டிருந்தன. தோற்ற தரப்பிலிருந்து ஏறக்குறைய 60,000 பேர் இந்த நாட்டைவிட்டுப் போனார்கள், அவர்கள் கூட்டிப்போன அடிமைகளை இதில் சேர்க்கவில்லை. பாதிக்கு மேல் போனது இன்றைய கனடாவுக்கு. நியூ பிரன்ஸ்விக் மாகாணமே 1784இல் அவர்களுக்காகப் பிரித்ததுதான் (ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் நம் நியூ பிரன்ஸ்விக் ஊர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஒன்டாரியோவில் ஆங்கிலம் பேசும் குடியேற்றம் வேரூன்றியதும் அவர்களால்தான். ஒன்டாரியோவின் டொரண்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் உறவு வைத்திருக்கும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நம் பள்ளியில் பல உண்டு. அந்த மண்ணில் முதலில் வந்திறங்கியவர்களில் பலர் வீடும் நிலமும் பறிபோய் அகதிகளாக வந்தவர்கள் என்பது அவர்களுக்குப் புரியாத சங்கதியா?

யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் ஒத்திகை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "துரோகி எண்டு ஆர் ஆரைச் சொன்னவை எண்டு எங்களுக்குத் தெரியும். பிள்ளையள் இதைப் படிக்கட்டும், டீச்சர்." அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. விழாவின் உற்சாகத்துக்கு இந்தக் காட்சி பொருந்தவில்லை என்று அவரிடம் யார் சொல்லப்போகிறீர்கள்?

நம்மில் குடியுரிமை வாங்கிய அத்தனை பேரும் வலது கையை உயர்த்தி, இதுவரை குடிகளாக இருந்த அந்நிய மன்னர், ஆட்சியாளர், நாடு எதற்கும் உரிய விசுவாசத்தை முற்றாகத் துறப்பதாகப் பிரமாணம் எடுத்திருக்கிறோம். அந்தச் சொற்களின் வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது. நானும் சொன்னேன். அன்று மாலை வீட்டில் கேக் வெட்டினோம். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்ல மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அப்படித் தள்ளிப்போட்டவர்கள் இந்த மாநிலத்தில் 1776இல் வாழ்ந்தவர்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். நமக்கு யாரும் வீட்டைக் கொளுத்திவிடவில்லை, மேலே தார் ஊற்றி இறகு ஒட்டவில்லை.

மேயர் வருவது பற்றி ஒரு வார்த்தை. பெர்த் அம்பாய் மாளிகையை இந்த நாட்டவர் இடித்துவிடவில்லை, பெயரை மறைக்கவில்லை. அருங்காட்சியகமாக வைத்து, மன்னரின் ஆளுநர் இங்கேதான் இருந்தார் என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு இல்லாத சங்கடம் நமக்கு ஏன்? புதிதாக வந்தவர்கள் தேசபக்தியில் குறை வைத்துவிட்டார்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் உங்கள் மின்னஞ்சலில் எனக்குத் தெரிகிறது. அந்தப் பயம் எனக்கும் புரிகிறது, இந்தக் காலத்தில் அதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அதைப் பிள்ளைகளின் பிரதியில் வெட்டித் தீர்த்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வில்லியம் பிராங்க்ளின் காட்சியையும் கர்னல் டை காட்சியையும் பிள்ளைகள் எழுதியபடியே திரும்பச் சேருங்கள். நேரம் போதவில்லை என்றால் நிகழ்ச்சி நிரலில் பொன்னாடை போர்த்துவதற்கும் விளம்பரதாரர் உரைகளுக்கும் ஒதுக்கியிருக்கும் நேரத்தைக் குறையுங்கள். அதில் இரண்டு காட்சிகளும் தாராளமாக அடங்கும். அப்படியும் ஏதாவது சுருக்க வேண்டியிருந்தால் டெலவேர் படகுக் காட்சியைச் சுருக்குகிறோம், அதைப் பிள்ளைகளே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அழைப்பிதழில் அந்த 'மூன்றில் ஒரு பங்கு' வரியை எடுத்துவிடுங்கள். இனி மாணவர்கள் எழுதிய பிரதியில் கைவைப்பதாக இருந்தால் அவர்களை எதிரில் உட்காரவைத்துக் காரணம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மின்னஞ்சலில் வேண்டாம். எட்டப்பன் என்று சொன்ன உறுப்பினர் அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்து முழு நாடகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன், பெஞ்சமினாகவும் வில்லியமாகவும் நடிப்பவர்கள் அவரிடம் பேசக் காத்திருக்கிறார்கள்.

வசனம் மனப்பாடம் செய்யவும் உடை தைக்கவும் அவகாசம் வேண்டும். அதனால் இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
உயர்நிலை வகுப்பின் தன்னார்வ ஆசிரியை